அலெக்ஸா ரிக்வெஸ்ட் சிக்னேச்சர் வெரிஃபை ஆகலையா? அறிகுறிய வச்சே பிழைய பிடிக்கலாம்

அலெக்ஸா ஸ்கில்ல (அமேசானோட குரல் உதவியாளருக்கு நாம எழுதுற ஆப்) லாம்டாலயே (சர்வர அமேசானே பாத்துக்கிற சேவை) வச்சிருக்கீங்கன்னா இந்த சிக்னேச்சர் சோதனை உங்களுக்கு தேவையே இல்ல, அங்க ட்ரிகர்ல ஸ்கில் ஐடிய போட்டு விட்டா வேற ஸ்கில் எதுவும் கூப்பிட முடியாது. சொந்த சர்வர்லயோ விபிஎஸ்லயோ (வாடகை சர்வர்) வீட்டு மூலைல கிடக்கிற ராஸ்பெரி பைலயோ (கையடக்க கம்ப்யூட்டர்) எண்ட்பாயிண்ட் (அலெக்ஸாவோட ரிக்வெஸ்ட் வந்து சேர்ற இடம்) ஓடுதுன்னா தான் இந்த தலைவலி. ஏன்னா அந்த யூஆர்எல் தெரிஞ்ச யாரு வேணும்னாலும் அலெக்ஸா அனுப்புற மாதிரியே ஒரு ஜேசன் (டேட்டாவ எழுதுற டெக்ஸ்ட் வடிவம்) தயார் பண்ணி போஸ்ட் பண்ணிடலாம், உங்க ஸ்கில் வாசல் கேட்ட திறக்கிற ஸ்கில்லா இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. அதுக்கு தான் அமேசான் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் கையெழுத்து போட்டு அனுப்புது, அத சரி பாக்கிறது நம்ம வேலை.

நடக்கிறது இதுதான். ரிக்வெஸ்ட்டோட ரெண்டு முக்கியமான ஹெட்டர் (உள்ளடக்கத்துக்கு முன்னாடி வர்ற தகவல் வரி) வரும், ஒண்ணு சிக்னேச்சர்-256, இன்னொண்ணு சிக்னேச்சர்-சர்ட்-செயின்-யூஆர்எல் (நடுவுல கோடு எதுவும் இல்லாம ஒரே வார்த்தையா வரும்). ரெண்டாவதுல இருக்கிற யூஆர்எல் அமேசானோடது தானான்னு பாக்கணும், அங்க இருந்து சர்டிஃபிகேட் செயின இறக்கணும், தேதி, பேரு, ரூட் வரைக்கும் போற சங்கிலி எல்லாம் சரியான்னு பாக்கணும், அதுல இருந்து பப்ளிக் கீய (கையெழுத்த சரி பாக்கிற சாவி) எடுத்து பாடியோட (ரிக்வெஸ்ட்டோட உள்ளடக்கம்) சிக்னேச்சர சரி பாக்கணும், கடைசியா டைம்ஸ்டாம்ப் (ரிக்வெஸ்ட் அனுப்புன நேரம்) 150 செகண்டுக்குள்ள இருக்கான்னு பாக்கணும். எதுல தோத்தாலும் 400 (தப்பான ரிக்வெஸ்ட்னு சொல்ற எச்டிடிபி பதில் எண்) திருப்பி அனுப்பணும்.

இதுல பெரிய கொடுமை என்னன்னா முக்கால்வாசி பேரோட கோடுல இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு ட்ரை கேட்ச், உள்ள எங்க உடைஞ்சாலும் வெளிய "வெரிஃபிகேஷன் ஃபெயில்டு"ன்னு ஒரே வரி தான் வரும். அத வச்சு எவனாலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. அதனால முதல்ல ஒவ்வொரு படிக்கும் தனித்தனி லாக் வரி போடுங்க: ஹெட்டர் வந்துச்சா, யூஆர்எல் பாஸா, சர்டிஃபிகேட் இறங்குச்சா, தேதி ஓகேவா, பேர் ஓகேவா, செயின் ஓகேவா, சிக்னேச்சர் ஓகேவா, டைம்ஸ்டாம்ப் எத்தனை செகண்ட் வித்தியாசம். வெளிய போற பதில்ல இதெல்லாம் சொல்ல வேண்டாம், 400 மட்டும் போகட்டும், லாக்ல மட்டும் விவரமா இருக்கட்டும். அப்புறம் கீழ உங்க அறிகுறி எதுவோ அதுக்கு நேரா போங்க.

அலெக்ஸா "ஸ்கில்லோட ரெஸ்பான்ஸ்ல பிரச்சனை"ன்னு சொல்லுது, ஆனா நம்ம லாக்ல ஒரு வரி கூட இல்ல

அப்போ இது சிக்னேச்சர் பிரச்சனையே கிடையாது, அந்த கோட நோண்டாதீங்க. ரிக்வெஸ்ட் உங்க ஆப் வரைக்குமே வரல. உங்க சர்வரோட சொந்த டிஎல்எஸ் சர்டிஃபிகேட்ட பாருங்க, போர்ட் 443ல வருதா, நடுவுல இருக்கிற இன்டர்மீடியட் சர்டிஃபிகேட்டும் சேர்ந்து போகுதான்னு பாருங்க. குரோம்ல திறந்தா எச்சரிக்கை எதுவும் இல்லாம வருதேன்னு நம்பிடக்கூடாது, பிரவுசர் விட்டுப்போன இன்டர்மீடியட்ட தானா தேடி நிரப்பிக்கும், அலெக்ஸா பக்கம் அந்த தயவெல்லாம் எதிர்பாக்காதீங்க. டெவலப்பர் கன்சோல்ல எண்ட்பாயிண்ட் பக்கத்துல சர்டிஃபிகேட் வகைன்னு ஒரு டிராப்டவுன் இருக்கும், என்க்ராக் மாதிரி டனல் (நம்ம கம்ப்யூட்டர இன்டர்நெட்ல இருந்து எட்ட வைக்கிற சேவை) வச்சு டெஸ்ட் பண்றவங்க அதுல வைல்டுகார்டு சப்டொமைன் ஆப்ஷன எடுக்கணும், மத்தத எடுத்தா வராது. முன்னாடி ஃபயர்வால் எதுவும் தானியங்கி ப்ரோக்ராம்னு நினைச்சு 403 குடுத்து அனுப்புதான்னும் ஒரு பார்வை.

"ஹெட்டர் இல்ல"ன்னு வருது

பெரும்பாலும் ஹெட்டர் இருக்கும், நீங்க கேக்கிற எழுத்து வடிவம் தான் தப்பு. நோட் ஜேஎஸ் (சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுறது) எல்லா ஹெட்டர் பேரையும் சின்ன எழுத்தா மாத்தி தான் குடுக்கும், டாகுமெண்ட்ல பெரிய எழுத்து கலந்து இருக்கேன்னு அப்படியே காப்பி பண்ணி ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்ல தேடுனா அன்டிஃபைன்டு தான் கிடைக்கும். பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோல மெட்டா டிக்ஷனரில தேடுறவங்களுக்கு முன்னாடி எச்டிடிபி ஒட்டிக்கிட்டு, எல்லாம் பெரிய எழுத்தாகி, ஹைஃபன் அண்டர்ஸ்கோரா மாறி வரும். ஏபிஐ கேட்வே (ரிக்வெஸ்ட்ட முன்னாடி வாங்கி உங்க கோடுக்கு அனுப்புற அமேசான் சேவை) பயன்படுத்துறவங்க கவனிங்க, அதோட எச்டிடிபி ஏபிஐ வகை பேர சின்ன எழுத்தாக்கிடும், ரெஸ்ட் ஏபிஐ வகை வந்தபடியே விடும், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறுன அன்னிக்கு திடீர்னு உடையும். எல்லா பேரையும் நாமளே சின்ன எழுத்தாக்கிட்டு தேடுனா இந்த கதையே முடிஞ்சுது.

எல்லா ரிக்வெஸ்ட்டும் சிக்னேச்சர் கட்டத்துல தான் தோக்குது

வர்ற கேள்வில பெரும்பகுதி இதுதான், இதுக்கு பெரும்பாலும் ஒரே காரணம்: நீங்க ஹாஷ் பண்றது (பைட்டுகள்ல இருந்து ஒரு சுருக்க மதிப்பு கணக்கிடுறது) அமேசான் அனுப்புன பாடி இல்ல. அது ஜேசன பார்ஸ் பண்ணி, ஆப்ஜெக்ட்டா ஆக்கி, திரும்ப ஸ்ட்ரிங்கா ஆக்குன ஒரு நகல். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு தான், ஆனா சிக்னேச்சருக்கு ஒவ்வொரு பைட்டும் கணக்கு. பைத்தான்ல ஜேசன் டம்ப்ஸ் போட்டா கமா, கோலனுக்கு அப்புறம் அதுவா ஒரு ஸ்பேஸ் விடும், அது ஒண்ணு போதும் மொத்த ஹாஷும் வேற ஆகிறதுக்கு. ஜாவாஸ்கிரிப்ட்ல 1.0ன்னு வந்த நம்பர் திரும்பி போகும்போது 1 ஆகிடும். பழைய வெண்கல பாத்திரத்த உருக்கி அதே அச்சுல திரும்ப வார்த்தாலும் அடில பொறிச்சிருந்த பேர் போயிடும்ல, அந்த கதை தான்.

நோட் ஜேஎஸ் ஃப்ரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸ்ல பொதுவான ஜேசன் பார்சர எல்லா ரூட்டுக்கும் மேல போட்டு வச்சிருப்போம், அது பாடிய முழுசா குடிச்சிட்டு பார்ஸ் ஆன ஆப்ஜெக்ட்ட தான் கைல குடுக்கும். அலெக்ஸா ரூட்ட அதுக்கு முன்னாடி வைங்க, இல்லன்னா பார்சரோட வெரிஃபை கால்பேக்ல ரா பஃபர தனியா எடுத்து வச்சுக்கோங்க. அமேசானோட எக்ஸ்பிரஸ் அடாப்டர் பேக்கேஜ் பயன்படுத்துனா அது தானாவே வெரிஃபை பண்ணும், ஆனா அதுக்கு முன்னாடி எந்த பார்சரும் இருக்கக்கூடாது, இருந்தா எரர் அடிக்கும். ஃபிளாஸ்க்ல கெட் டேட்டா, ஜாங்கோல ரிக்வெஸ்ட் பாடி, ரெண்டும் பைட்டாவே குடுக்கும், அத அப்படியே குடுங்க, நடுவுல டீகோட் என்கோட் எதுவும் வேண்டாம். ஏபிஐ கேட்வேக்கு பின்னாடி இருந்தா பாடி பேஸ்64ல சுத்தி வந்திருக்கான்னு அந்த ஃபிளாக்க பாத்து அவிழ்த்துட்டு தான் ஹாஷ் பண்ணணும், மேப்பிங் டெம்ப்ளேட் போட்டு பாடிய மாத்தி அனுப்புறீங்கன்னா அத எடுத்தாகணும், வேற வழி இல்ல.

பாடி சரியா இருந்தும் தோத்தா அடுத்து பாக்க வேண்டியது மூணு. ஒண்ணு, எந்த ஹெட்டர எடுத்தீங்க? வெறும் சிக்னேச்சர்னு ஒரு பழைய ஹெட்டர் இருக்கு, அது எஸ்ஹெச்ஏ-1க்கு, சிக்னேச்சர்-256 தான் எஸ்ஹெச்ஏ-256க்கு, ரெண்டையும் குழப்பி ஒண்ணோட மதிப்ப இன்னொண்ணோட அல்காரிதத்துல போட்டா ஜென்மத்துக்கும் மேட்ச் ஆகாது. ரெண்டு, டபுள் ஹாஷ். டாகுமெண்ட்ல "பாடிய ஹாஷ் பண்ணி ஒப்பிடுங்க"ன்னு இருக்கறத பாத்து முதல்ல ஹாஷ் பண்ணிட்டு, அந்த ஹாஷ லைப்ரரியோட வெரிஃபை ஃபங்ஷனுக்கு குடுப்பாங்க, அந்த ஃபங்ஷன் உள்ளயே இன்னொரு தடவ ஹாஷ் பண்ணும், முடிஞ்சது கதை. நோட் ஜேஎஸ்ஸோட கிரியேட் வெரிஃபையும் பைத்தான் கிரிப்டோகிராஃபி லைப்ரரியும் ரெண்டுமே அப்படித்தான், ரா பாடிய நேரா குடுங்க. மூணு, பேடிங் (ஹாஷ கையெழுத்து நீளத்துக்கு நிரப்புற முறை). இது பிகேசிஎஸ்1 வி1.5, பிஎஸ்எஸ் கிடையாது.

பிரச்சனை பாடிலயா கோடுலயான்னு பிரிச்சு பாக்க நல்ல வழி ஒண்ணு இருக்கு. ஒரு நிஜ ரிக்வெஸ்ட் வரும்போது ரா பாடிய கோடுல இருந்தே ஃபைலா எழுதுங்க, சிக்னேச்சர பேஸ்64 அவிழ்த்து இன்னொரு ஃபைலா எழுதுங்க, சர்டிஃபிகேட்டுல இருந்து பப்ளிக் கீய எடுங்க, மூணையும் ஓப்பன்எஸ்எஸ்எல்லோட டைஜஸ்ட் கமாண்ட்ல எஸ்ஹெச்ஏ-256 வெரிஃபைன்னு குடுத்து ஓட்டுங்க. "வெரிஃபைட் ஓகே"ன்னு வந்தா பாடி சரி, உங்க வெரிஃபை கோடு தான் தப்பு. ஃபெயில் ஆனா நீங்க சேமிச்ச பாடியே தப்பு, இல்ல ஹெட்டர மாத்தி எடுத்திருக்கீங்க. லாக்ல இருந்து பாடிய காப்பி பண்ணி விம்ல ஒட்டி சேவ் பண்ணி மட்டும் இந்த டெஸ்ட்ட பண்ணாதீங்க, விம் கடைசில ஒரு நியூலைன் சேர்த்துடும், அப்புறம் இல்லாத பேய தேடிக்கிட்டு இருப்பீங்க.

இங்கிலீஷ்ல பேசுனா ஓகே, ஹிந்தில பேசுனா மட்டும் ஃபெயில்

இந்தியால ஸ்கில் போடுறவங்களுக்கு இது வரும். 2019 செப்டம்பர்ல அலெக்ஸாக்கு ஹிந்தி வந்ததுல இருந்து ஹிந்தி லொக்கேல்ல ஸ்லாட் மதிப்பு (பேசுனதுல இருந்து அலெக்ஸா பிரிச்சு எடுக்கிற சொல்) தேவநாகரி எழுத்துலயே வரலாம். இங்கிலீஷ் எழுத்து யூடிஎஃப்-8ல போட்டாலும் லத்தீன்-1ல போட்டாலும் ஒரே பைட், அதனால கோடு தப்பா இருந்தாலும் தப்பிச்சிடும். தேவநாகரி எழுத்து யூடிஎஃப்-8ல மூணு பைட், நம்ம தமிழ் மாதிரியே. எங்கயாவது லத்தீன்-1னு டீகோட் பண்ணி யூடிஎஃப்-8னு திரும்ப என்கோட் பண்ணியிருந்தாலோ, பைத்தான் ஜேசன் டம்ப்ஸ் அந்த எழுத்தையெல்லாம் பேக்ஸ்லாஷ் யூ போட்டு எழுதியிருந்தாலோ ஹாஷ் மாறிடும்.

இன்னொரு வகை இன்னும் விஷமம்: ஹிந்திலயும் எப்பவும் இல்ல, எப்பயாவது தான் தோக்கும். நோட் ஜேஎஸ்ல டேட்டா ஈவென்ட்ல வர்ற துண்டுகள பிளஸ் ஈக்வல் போட்டு ஸ்ட்ரிங்கா ஒட்டுறீங்களான்னு பாருங்க. ஒரு எழுத்தோட மூணு பைட்டுல ஒண்ணு இந்த துண்டுலயும் ரெண்டு அடுத்த துண்டுலயும் விழுந்தா ரெண்டு பக்கமும் அந்த எழுத்து கருப்பு டைமண்ட் கேள்விக்குறியா சிதைஞ்சிடும். துண்டு எங்க வெட்டுப்படும்ங்கிறது நெட்வொர்க் கைல இருக்கு, அதனால தான் திரும்ப செஞ்சு காட்டவே முடியாம ஆட்டம் காட்டும். எல்லா துண்டையும் ஒரு அரேல போட்டு கடைசில பஃபர் கான்கேட் பண்ணுங்க.

டைம்ஸ்டாம்ப் கட்டத்துல ஃபெயில்

வித்தியாசம் எத்தனை செகண்ட்னு லாக் போட்டீங்கல்ல, அந்த நம்பரே காரணத்த சொல்லிடும்.

19800 பக்கத்துல வருதா? அது அஞ்சரை மணி நேரம், டைம்சோன் குழப்பம். அலெக்ஸா அனுப்புற நேரம் யூடிசி, கடைசில இசட் எழுத்து இருக்கும். பைத்தான்ல யூடிசி நவ் போட்டு எடுத்த நேரத்துல டைம்சோன் தகவலே இருக்காது, அதுல டைம்ஸ்டாம்ப் கேட்டா அது உள்ளூர் நேரம்னு நினைச்சு கணக்கு போடும். அந்த ஃபங்ஷன 3.12லயே பயன்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டாங்க, டைம்சோனோட நவ் போடுங்க. ஐஎஸ்ஓ ஃபார்மேட் படிக்கிற ஃபங்ஷன் 3.11க்கு முந்தின வெர்ஷன்ல இசட்ட பாத்தா எரர் அடிக்கும், அதுக்கு பயந்து இசட்ட வெட்டிட்டு படிச்சவங்க கோடுல தான் இந்த 19800 அதிகமா வரும்.

சில நூறு செகண்ட்னா சர்வர் கடிகாரம் நகர்ந்திருக்கு, டைம் சிங்க் ஓடுதான்னு பாருங்க. வித்தியாசம் மணிக்கணக்குல, நாள்கணக்குல இருந்து, அதுவும் கரண்ட் போய் வந்தப்புறம்னா, ராஸ்பெரி பை 4 வரைக்கும் போர்டுல சொந்த கடிகாரமே கிடையாது, கரண்ட் வந்து பை முதல்ல எழுந்து ரவுட்டர் அப்புறம் எழுந்தா, நெட் வர்ற வரைக்கும் அது பழைய நேரத்துலயே தான் இருக்கும். டைம் சிங்க் ஆனப்புறம் தான் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகணும்னு சிஸ்டம்டில (லினக்ஸ்ல சர்வீஸ்கள ஸ்டார்ட் பண்றது) சொல்லி வைங்க.

சேமிச்சு வச்ச ரிக்வெஸ்ட்ட போஸ்ட்மேன்ல திரும்ப அனுப்பி ஃபெயில் ஆகுதுன்னா அது பிழை இல்ல, அப்படித்தான் ஆகணும், 150 செகண்ட் விதியே பழைய ரிக்வெஸ்ட்ட பிடிச்சு வச்சு திரும்ப அடிக்கிறவன தடுக்க தான். டைம்ஸ்டாம்ப மட்டும் புதுசா மாத்தி அனுப்பலாமேன்னா அது பாடிக்குள்ள இருக்கு, மாத்துனா சிக்னேச்சர் உடையும். லோக்கல் டெஸ்டுக்கு கடிகாரத்த வெளிய இருந்து குடுக்கிற மாதிரி ஃபங்ஷன எழுதிக்கோங்க. 150ன்ற நம்பர 15000ன்னு ஆக்கிட்டு "சரியாயிடுச்சு"ங்கிற வேலை மட்டும் வேண்டாம். ஸ்கில் எனேபிள், டிஸேபிள் பண்ணும்போது வர்ற ஈவென்ட்டுங்க மட்டும் தாமதமா வரலாம், அமேசானோட பைத்தான் எஸ்டிகே (ஸ்கில் எழுத அவங்க குடுக்கிற கோடு தொகுப்பு) அதுக்கு மட்டும் 3600 செகண்ட் வரைக்கும் விடும்.

நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னிக்கு திடீர்னு மொத்தமா நின்னுடுச்சு

சர்டிஃபிகேட் மாறியிருக்கும். அமேசான் அப்பப்போ புது சர்டிஃபிகேட்டுக்கு மாறும், அப்போ ஹெட்டர்ல வர்ற யூஆர்எல்லும் மாறும். யூஆர்எல்ல கோடுல ஹார்டுகோடு பண்ணி வச்சிருந்தாலோ, சர்டிஃபிகேட் இருக்கிற பெம் ஃபைல ரெப்போலயே போட்டு வச்சிருந்தாலோ இப்படித்தான் ஒரு நாள் விடியும். கேஷ் பண்ணுங்க, தப்பே இல்ல, ஆனா ஹெட்டர்ல வந்த யூஆர்எல் தான் கேஷோட கீயா இருக்கணும், கேஷ்ல இருந்து எடுக்கும்போதும் தேதிய பாக்கணும். ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 கமாண்ட்ல போட்டு காலாவதி தேதியையும் மாற்று பேர் பட்டியலையும் பாருங்க, அது ஃபைல்ல இருக்கிற முதல் சர்டிஃபிகேட்ட மட்டும் தான் காட்டும், அதுதான் கையெழுத்து போட்டது, நமக்கு அது போதும். மாற்று பேர்ல எக்கோ-ஏபிஐ.அமேசான்.காம் இருக்கணும்.

செயின் கட்டத்துல தோத்தா உங்க ரூட் ஸ்டோர் பழசா, இல்ல ஒண்ணுமே இல்லையான்னு பாருங்க. ஸ்லிம், ஆல்பைன் மாதிரி குட்டி டாக்கர் இமேஜ்ல ரூட் சர்டிஃபிகேட் பேக்கேஜ் இல்லாமலே இருக்கலாம், தனியா போடணும். பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 காலத்து சர்வர்னா, செயின் கடைசில காலாவதியான ஒரு ரூட் இருந்தா நம்பகமான வேற பாதை பக்கத்துலயே இருந்தாலும் அத பாக்காம தோத்துடும், 2021 செப்டம்பர் 30ல இலவசமா சர்டிஃபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய ரூட் காலாவதி ஆனப்போ ஊர் உலகமே பட்ட பாடு இதனால தான். அப்கிரேட் பண்ணுங்க.

சர்டிஃபிகேட் மாறல, சர்வர மாத்துனதும் தான் நின்னுச்சுன்னா? ரெட்ஹேட் லினக்ஸ் 9 குடும்பத்துக்கு போயிருந்தீங்கன்னா அங்க எஸ்ஹெச்ஏ-1 சிக்னேச்சர டிஃபால்ட்டாவே தடுத்திருக்காங்க. பழைய ஹெட்டர வச்சு எழுதுன கோடு அங்க ஓடாது. பாலிசிய தளர்த்தி அத ஓட வைக்கிறதுக்கு பதிலா சிக்னேச்சர்-256க்கு மாறுங்க, ரெண்டு வரி வேலை.

ஒரு ரிக்வெஸ்ட் பாஸ், ஒண்ணு ஃபெயில், காரணமே புரியல

ஹிந்தி விஷயம் இல்லன்னா, லோட் பேலன்சருக்கு பின்னாடி எத்தனை மெஷின் இருக்குன்னு எண்ணுங்க. லாக்ல ஹோஸ்ட் பேரையும் சேர்த்து போட்டா ஃபெயில் ஆகுறது எல்லாம் ஒரே மெஷின்ல இருந்து தான் வருதுன்னு தெரிஞ்சிடும், அதோட கடிகாரமோ கேஷோ கெட்டிருக்கும்.

எல்லாம் ஓடுது, ஆனா சர்டிஃபிகேஷன்ல ரிஜெக்ட் ஆகுது

இதுல அறிகுறி தலைகீழ். நல்ல ரிக்வெஸ்ட் பாஸ் ஆகுதான்னு மட்டும் நாம பாத்திருப்போம், அமேசான் வேணும்னே கெட்ட ரிக்வெஸ்ட்ட அனுப்பி நீங்க தடுக்கிறீங்களான்னு பாக்கும். ஸ்கில் அசிங்கமா ஆகக்கூடாதுன்னு 200 போட்டு "மன்னிக்கவும்"னு பேச வைக்கிறது, 401, 403, இல்ல எக்செப்ஷன் வெடிச்சு 500, இதெல்லாம் செல்லாது, 400 தான். ஹெட்டரே இல்லாம ஒரு கர்ல் அடிச்சு பாருங்க, நிறைய பேருக்கு அங்கயே இல்லாத ஹெட்டர எடுக்கப் போய் எரர் வெடிச்சு 500 வரும்.

யூஆர்எல் சோதனைல தான் ஓட்டை அதிகம். விதி இது: எச்டிடிபிஎஸ்ஸா இருக்கணும், ஹோஸ்ட் எஸ்3.அமேசான்ஏடபிள்யூஎஸ்.காம், போர்ட் குறிப்பிட்டிருந்தா 443, பாத் எக்கோ.ஏபிஐங்கிற ஃபோல்டர்ல ஆரம்பிக்கணும். ஹோஸ்ட்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்க வேண்டாம், பாத்ல பாக்கணும். இத "இந்த ஸ்ட்ரிங்ல ஆரம்பிக்குதா"ன்னு ஒரே வரில எழுதுனா ரெண்டு பக்கமும் அடி வாங்குவீங்க: 443 போட்ட நல்ல யூஆர்எல்ல தள்ளிடுவீங்க, எக்கோ.ஏபிஐ போட்டு அடுத்து ரெண்டு புள்ளி போட்டு மேல ஏறி வேற ஃபோல்டருக்கு போற கெட்ட யூஆர்எல்ல விட்டுடுவீங்க. அந்த ஹோஸ்ட் எஸ்3ல பக்கெட் வச்சிருக்கிற எல்லாருக்கும் பொது, எக்கோ.ஏபிஐங்கிறது அதுல ஒரு பக்கெட் பேர் தான், பக்கத்து பக்கெட் எவனோடதா வேணும்னாலும் இருக்கலாம். அதனால யூஆர்எல் பார்சர் வச்சு பிரிங்க, புள்ளிகள நேராக்குங்க, அப்புறம் ஒப்பிடுங்க. இந்த சோதனை முடியாம டவுன்லோடே பண்ணக்கூடாது, டவுன்லோடு பண்ணும்போது ரீடைரக்ட் பின்னாடி போகவும் கூடாது, இல்லன்னா எவனோ குடுக்கிற முகவரிக்கெல்லாம் உங்க சர்வர் ஓடிப்போய் கதவ தட்டும்.

சிக்னேச்சர் எல்லாம் பாஸ் ஆனாலும் அது அலெக்ஸாகிட்ட இருந்து வந்ததுங்கிறதுக்கு மட்டும் தான் சாட்சி, உங்க ஸ்கில்லுக்கு வந்ததுன்னு அர்த்தம் இல்ல. வேற ஒருத்தன் தன் ஸ்கில்லோட எண்ட்பாயிண்டா உங்க யூஆர்எல்ல குடுத்தாலும் சிக்னேச்சர் சரியா தான் இருக்கும். அப்ளிகேஷன் ஐடிய உங்க ஸ்கில் ஐடியோட ஒப்பிடுற அந்த ஒரு வரி இருக்கான்னு கோடுல தேடி பாருங்க.

பாஸ் ஆகுது, ஆனா ஸ்லோ

ஒவ்வொரு தடவையும் சர்டிஃபிகேட்ட இறக்குறீங்க. அலெக்ஸா 8 செகண்ட் தான் பொறுக்கும், நெட் தடுமாறுற வீட்டு கனெக்‌ஷன்ல அதுலயே பாதி இதுக்கு போயிடும். மேல சொன்ன மாதிரி யூஆர்எல்ல கீயா வச்சு கேஷ் பண்ணுங்க, டவுன்லோடுக்கு ரெண்டு மூணு செகண்ட் டைம்அவுட்டும் போட்டு வைங்க.